நாயகனுக்குப் பதிலாக விழுந்தவன்

1

தூத்துக்குடியில் சிறு பத்திரிகை நடத்தும் என் பள்ளித் தோழர் சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். நம் ஊர் இளவட்டங்கள் இப்போது பிரெஞ்சுச் சண்டைப் படங்களைச் செல்போனில் விழுந்து விழுந்து பார்க்கிறார்களாம். நான் பிரான்சில் குடியிருப்பவன். அந்தப் படங்களில் பார்க்கத் தகுந்தது எது, ஏன் என்று எளிமையாக எழுதித் தர வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என் மகனைப் பற்றித் தெரியாது.

பலமுறை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே அந்தோணி வந்து நின்றான். இந்தப் படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொல்லித் தெரிந்ததுதான். அவனை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது பொய்க் கட்டுரையாகிவிடும். போன மாதம் அவனுடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஊருக்கு வந்தேன். அப்போது என் அண்ணன் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகுதான் இதை எழுதும் தெம்பு வந்தது. தோழர் கேட்டது ஒன்று, கிடைப்பது வேறொன்று. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

நான் கப்பலில் வேலை பார்த்தவன். திரேஸ்புரத்தில் பிறந்து, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல் ஏறி, பல துறைமுகங்களைப் பார்த்து, கடைசியில் வடக்கு பிரான்சில் லு ஆவ்ர் என்ற துறைமுக நகரத்தில் கரை ஒதுங்கினேன். மனைவி மதலேன் பாண்டிச்சேரிக்காரி, பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவள். அவளைக் கட்டியதால் எனக்கு இங்கே இருக்க இடம் கிடைத்தது. துறைமுகத்துக் கிடங்கில் கொள்கலன்களைத் திறந்து சரக்குப் பிரிக்கும் வேலையும் கிடைத்தது. கடலும் பாரந்தூக்கியும் கப்பலின் ஊதலும் ஊரில் இருந்ததைப் போலத்தான். வெயில் மட்டும் கிடையாது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஊருக்குக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்தோம். என் அண்ணன் சூசைதான் ஞானத்தகப்பன். வீட்டில் அவன் அந்தோணி, பள்ளியில் ஆந்த்வான். ஒரு கட்டத்தில் வீட்டிலும் ஆந்த்வான் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தான். தமிழ் புரியும், பேச வராது. பேசினால் என்னையும் ‘நீ’ என்றுதான் சொல்வான். பிரெஞ்சில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விடலையாக இருந்தபோது ஒருமுறை ஊருக்கு அழைத்து வந்தேன். ‘அப்பா நீ வா, சோறு இருக்கு’ என்று எல்லோர் முன்னாலும் அவன் சொன்னதும் அண்ணன் மனைவி, என் மைனி, வாயில் கைவைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அவன் வாயில் தமிழ் வருவதே அபூர்வம். அதில் மரியாதை வேறு கேட்டால் அதுவும் நின்றுபோய்விடுமே என்று இருந்தேன்.

பள்ளி முடித்தவன் ஒருநாள் கல்லூரிக்குப் போகவில்லை என்றான். வேறொரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, ‘கஸ்கதர்’ ஆகப் போகிறேன் என்றான். எனக்கு அந்தச் சொல் தெரியாது. ‘கஸ்காத்’ தெரியும், அருவி என்று பொருள். பையன் ஏதோ நீர்வீழ்ச்சிச் சுற்றுலாத் தலத்தில் வேலைக்குப் போகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு மைனியிடம் சொன்னேன். அவளும் ‘குத்தாலத்துல காவலுக்கு நிப்பாவள்லா, அந்த மாதிரியா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மதலேன் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கஸ்கதர் என்றால் சினிமாவில் உயரத்திலிருந்து விழுகிறவன், காரைக் கவிழ்க்கிறவன், கதாநாயகனுக்குப் பதில் அடி வாங்குகிறவன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் மறுபடி போன் போட்டேன்.

மைனி உரக்கச் சொல்ல, “அப்ப டூப்பாலே?” என்று அண்ணன் பின்னாலிருந்து கேட்டது என் காதில் விழுந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டூப்பு என்ற சொல்லை நம் ஊரில் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

3

அந்தோணி பாரிசுக்குக் குடிபோனான். வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டால் ரயிலேறி வீட்டுக்கு வருவான். எங்களுக்குள் பேசிக்கொள்ள அதிகம் இருக்காது. என் பிரெஞ்சு கிடங்குப் பிரெஞ்சு. அவன் தமிழ் சாப்பாட்டுத் தமிழ். மதலேன் பரிமாறும்போது மட்டும் மூவருமாகச் சிரிப்போம். பிறகு அவன் தொலைக்காட்சியில் ஒரு ‘பொலார்’ போடுவான். குற்றமும் துரத்தலும் உள்ள படத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். நான் பக்கத்தில் உட்காருவேன்.

நான் சண்டைப் படம் பார்த்து வளர்ந்தவன்தான். முத்தையாபுரத்திலிருந்தும் மாப்பிள்ளையூரணியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து தியேட்டர் வாசலில் வரிசை கட்டிய கூட்டத்தில் நானும் அண்ணனும் இருந்திருக்கிறோம். எங்களுக்குக் கணக்கு எளிது. ஒருவன் அடிப்பான், பத்துப் பேர் பறப்பார்கள். பறந்தவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தோணி அவர்களைத்தான் பார்க்கச் சொன்னான்.

“அடிக்கிறவனப் பாக்காத. விழறவனப் பாரு” என்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்வான். நல்ல படத்தில் அடி வாங்கியவனுக்கு வலிக்கும். முதல் காட்சியில் முழங்காலில் அடிபட்ட போலீஸ்காரன் நாலாவது காட்சியில் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். மோசமான படத்தில் அவன் மறந்துவிடுவான். இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே படம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம் என்பான் அவன். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அனேகமாகச் சரியாக இருக்கும்.

இன்னொன்று, வெட்டாமல் நிற்கும் காமிரா. ஒரு குத்தை ஐந்தாறு துண்டாக வெட்டிக் காட்டினால் அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை என்று பொருள். நல்ல இயக்குநர் சற்றுத் தள்ளி நின்று, குடியிருப்பின் மாடிப்படியில் இரண்டு பேர் கட்டிப் புரள்வதை மூச்சு வாங்க வாங்க அப்படியே காட்டுவார். சண்டை போட்டால் மனிதனுக்குக் களைப்பு வரும். நடுவில் இருவரும் சுவரில் சாய்ந்து நின்று ஒருவரையொருவர் பார்த்து மூச்சு இளைப்பார்கள். அந்த இளைப்பு வரும்போது அந்தோணி என் தொடையைத் தட்டுவான். பின்னணி இசை இல்லாமல் செருப்புச் சத்தமும் மூச்சும் மட்டும் கேட்கும். அது எனக்கு முதலில் வறட்சியாகத் தெரிந்தது. பழகிய பின் ஊர்ப் படங்களின் முழக்கம்தான் காது வலித்தது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் படங்களில் வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. பூட்டுத் திறக்கிறவன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், சுங்கத்துறைக்காரன் என்று யாராவது ஒருவர் ஒரு நாள் தெரியாத்தனமாக எதிலோ மாட்டிக்கொள்வார். துப்பாக்கிக்குத் தப்பி ஓடும்போதும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைக்க வேண்டுமே என்ற கவலை முகத்தில் இருக்கும். போலீஸ்காரன் ஒரு குண்டு சுட்டுவிட்டால், அதற்கு விளக்கம் கேட்டு மேலிருந்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் படம் அதிலேயே போகும். பிரான்சில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியும். வில்லனுக்கும் ஒரு அடுக்களை இருக்கும், அவன் அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பான். கடைசியில் யாருக்கும் மாலை விழாது. பிழைத்தவன் திங்கட்கிழமை வேலைக்குப் போவான்.

எல்லாமே நல்ல படங்கள் இல்லை. நம் நிறத்துப் பையன்களைப் போதைப்பொருள் விற்கிறவர்களாக மட்டும் காட்டும் படங்கள் நிறைய. ஆரம்பத்தில் அந்தோணிக்குக் கிடைத்ததெல்லாம் அந்த வேடங்கள்தான். குல்லாய் போட்டுக்கொண்டு படிக்கட்டில் நிற்பது, போலீஸ் வந்ததும் ஓடுவது, விழுவது. அதைப் பார்க்க வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிடுவான். பிறகு ஒரு படத்தில் கதாநாயகனே அல்ஜீரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், துறைமுகச் சுங்க அதிகாரி. உயரமும் நிறமும் பொருந்தியதால் அவனுக்குப் பதிலாக அந்தோணியை எடுத்தார்கள். போனில் இதைச் சொன்னபோது அவன் குரல் மாறியிருந்தது. அதுவும் படப்பிடிப்பு எங்கள் லு ஆவ்ரில்.

4

அந்தப் படம் வெளிவரும் முன்பே அவன் போய்விட்டான்.

மழை பெய்த ஒரு காலை. படப்பிடிப்பெல்லாம் முடிந்து ஓய்வில் இருந்தான். ரொட்டி வாங்க ஸ்கூட்டரில் போனவன்மேல், ரவுண்டானாவில் திரும்பிய ஒரு லாரி மோதியது. நாங்கள் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் எங்களை உட்காரச் சொன்னார். அங்கே உட்காரச் சொன்னாலே விஷயம் தெரிந்துவிடும். மதலேன் உட்கார மறுத்துவிட்டாள்.

எனக்கு அன்று பிரெஞ்சு பாதிக்குமேல் மறந்துபோனது. வரவேற்பில் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். ‘என் மகன் விழுந்துவிட்டான்’ என்றேன். தமிழில் வண்டியில் அடிபட்டாலும் விழுந்துட்டான் என்றுதானே சொல்வோம். மகனின் தொழில் என்ன என்று கேட்டார், சொன்னேன். சண்டைப் பயிற்சிக்காரன், விழுந்தான், இறந்தான் என்று அவர் மனதில் ஒரு கதை உருவாகிவிட்டது. வேலையில் நடந்த விபத்து என்று எங்கோ பதிவாகி, தொழிலாளர் துறை ஆட்கள் படக்குழுவை விசாரிக்க ஆரம்பித்தார்கள். போலீஸ் அறிக்கை ஒரு பக்கம் சாலை விபத்து என்றது, இன்னொரு அலுவலகம் அதை ஏற்றுக்கொள்ள நேரம் எடுத்தது. ஒரே செய்தியை ஒவ்வொரு மேசையிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. என் மகன் விழவில்லை, அவன் விழுந்து சாகவில்லை என்று.

அந்தச் சமயத்தில் எனக்குத் துணையாக வந்தவர் அவனுடைய சண்டைக் குழுத் தலைவர் புரூனோ. நரைத்த தாடி, உடைந்து சேர்ந்த மூக்கு. விசாரணை அவர்மேல்தான் நடந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொரு அலுவலகத்துக்கும் என்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லத் தடுமாறியதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அடக்கத்தன்று அவர் குழுவினர் எல்லோரும் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் அவர்கள்தான். அவ்வளவு மெதுவாக ஒரு பெட்டியைத் தரையில் இறக்கி நான் பார்த்ததில்லை.

ஊரிலும் அதே சொல்தான் வினையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மைனிக்குப் போன் போட்டு, ‘அந்தோணி விழுந்துட்டான் மைனி’ என்றுதான் சொல்ல முடிந்தது. பிறகு அழுகை. திரேஸ்புரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது, சூசை ஞானமகன் சினிமாவில் டூப்பு போட்டு விழுந்து செத்துப்போனான் என்று. லாரி மோதியதைப் பிறகு நான் பலமுறை சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை.

படம் வெளியானபோது மதலேன் தனியாகத் தியேட்டருக்குப் போனாள். நான் போகவில்லை. திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கடைசியில பேர் போட்டாங்க. எல்லாரும் எழுந்து போயிட்டாங்க, நான் மட்டும்தான் படிச்சேன்” என்றாள்.

என்னைப் பார்க்கச் சொல்லி அவள் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொலைக்காட்சியை நாங்கள் போடுவதும் இல்லை.

5

ஆண்டுப் பூசையை ஊரில் வைக்க வேண்டும் என்றது அண்ணன். கல்லறை அங்கே இருந்தாலும் ஞானஸ்நானம் இங்கேதானே கொடுத்தது என்றார். மதலேனால் பிரயாணம் செய்ய முடியவில்லை, காலில் வீக்கம். நான் மட்டும் வந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியதிலிருந்து சொந்த ஊருக்கு வருவதற்கும் விசாத் தாள் வேண்டும். பாரிசில் இந்தியத் தூதரக வாசலில் நின்றபோது, பயணத்தின் நோக்கம் என்ன என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இந்தியில் கேட்டார். புரியாமல் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். என் மகனின் சாவை மூன்றாவது மொழியில் சொல்லி முத்திரை வாங்கினேன்.

காலையில் பூசை. சாமியார் அவன் பெயரை வாசித்தபோது ‘அந்தோணி’ என்றார். ஒரு வருடமாக ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆந்த்வான் என்றே கேட்டுப் பழகியிருந்தேன், எனக்கு யாரோ வேறொருவருக்காக வேண்டுவதைப் போல் இருந்தது. பிறகு வீட்டில் சாப்பாடு. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அண்ணன், மைனி, நான் மூவரும்தான் மிச்சம்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசை அண்ணன் வாலிப வயதில் சங்கு குளித்தவர். கடலடியில் அழுத்தம் தாங்காமல் ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. போனில் அவரோடு பேச முடியாததால்தான் எல்லாவற்றையும் மைனியிடம் சொல்வது வழக்கம். நேரில் பேசினால் வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். அதிகம் பேசமாட்டார்.

அவர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏலே ராயப்பா. அந்தப் படம் ஒங்கிட்ட இருக்கா?”

இருக்கிறது என்று தலையாட்டினேன். இப்போது எந்தப் படமும் செல்போனிலேயே கிடைக்கிறது.

“போடு. அவன் எப்படிச் செத்தாம்னு நான் பாக்கணும்.”

மைனி என் முகத்தைப் பார்த்தாள். அவன் அந்தப் படத்தில் சாகவில்லை என்று நான் அண்ணனிடம் வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். மழையில் லாரி மோதியது என்று கையால் சாடை காட்டினேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. “எல்லாம் வெறும் பேச்சுலே, சினிமாக்காரன் காசு குடுத்து வாய அடைச்சிருப்பான்னு ஊருல சொல்லுதாவ” என்றார். ஒரு வருடமாக அவர் மனதில் அது கிடந்திருக்கிறது. நான் பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தாரா, இல்லை ஊர்ப் பேச்சை எதிர்த்துச் சொல்ல வழியில்லாமல் தவித்தாரா என்று எனக்குத் தெரியாது. கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது என்று மட்டும் தெரிந்தது.

வீட்டுத் தொலைக்காட்சியில் செல்போனை இணைக்க அண்ணன் பேரன் ஏற்கெனவே வழி செய்து வைத்திருந்தான். மைனி ஜன்னலைச் சாத்தினாள். பட்டப்பகல், வெளியே வெயில். படத்தைப் போட்டேன். அதுவரை நானும் அதைப் பார்த்ததில்லை என்று அவர்களிடம் சொல்லவில்லை.

6

எங்கள் துறைமுகம் திரையில் வந்தது. கான்கிரீட் குடியிருப்புகள், சாம்பல் நிறக் கடல், பாரந்தூக்கிகள்.

“நம்ம ஹார்பர் மாதிரி இருக்கு” என்றாள் மைனி. கதையை நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். சுங்க அதிகாரி ஒருவன், அவனோடு ஒரே மாடிப்படியில் வளர்ந்த கூட்டாளி ஒருவன். கூட்டாளி கொள்கலனில் கள்ளச்சரக்கு இறக்குகிறான். பிடித்துக் கொடுத்தால் நட்பு போகும், விட்டால் வேலை போகும். இருவரின் அம்மாக்களும் ஒரே கடையில் மீன் வாங்குகிறார்கள். நல்ல கதை. அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் யாரும் கத்துவதில்லை. அண்ணனுக்குப் பேச்சு கேட்காது, கேட்டாலும் பிரெஞ்சு. அவர் ஆட்களின் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சுங்க அதிகாரி தன் மகளுக்கு ஷூ நாடா கட்டும் காட்சியில் அவன் விரல்கள் நடுங்கின. “பயத்துல இருக்கான்” என்றார் அண்ணன், தானாகவே. நான் அந்தோணியின் வெள்ளிக்கிழமைகளை நினைத்துக்கொண்டேன். அவனையும் அண்ணனையும் ஒருமுறையாவது பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருக்கலாம்.

துரத்தல் தொடங்கியது. கொள்கலன் அடுக்குகளின் மேல் கதாநாயகன் ஓடுகிறான். காமிரா பின்னாலிருந்து போகிறது, முகம் தெரியவில்லை. தொப்பி, சுங்கத்துறைச் சட்டை, கையுறை. அது யாராகவும் இருக்கலாம். ஓடியவன் அடுக்கின் முனைக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நாலைந்து அடி நடந்தான்.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“இது அவன்தாம்லே. இடது தோளச் சாய்க்கான் பாரு. நீ நடக்க நடை.”

நான் எப்படி நடக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொன்னதில்லை. இத்தனை வருடம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தும் நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

எதிரில் கூட்டாளி வருகிறான். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். அடி கூட இல்லை, போகாதே என்று தடுப்பதைப் போலத்தான் இருக்கிறது. கால் வழுக்குகிறது. அந்தோணி விழுகிறான். அந்த உயரத்திலிருந்து கை விரித்து முதுகு கீழாக, எங்கும் வெட்டாமல், முழு விழுதலும் ஒரே காட்சியாக. தரையைத் தொடும் முன் படம் வெட்டுப்படுகிறது. அடுத்த காட்சியில் நெற்றியில் ரத்தத்தோடு கதாநாயகன் தரையில் கையூன்றி எழுந்திருக்கிறான்.

மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் கைகாட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரையில் நடிகரின் முகம் அப்படியே நின்றது.

“இவன் வேற ஆளு” என்றார் அண்ணன். “நம்ம பய எங்க? விழுந்தவன் எந்திச்சானா? அதக் காட்டலயே.”

அவர் கேட்டது நியாயம். படத்தில் அது இல்லை. எந்தப் படத்திலும் அது இருக்காது. ஆனால் அந்தக் காட்சியை எடுத்த காலையில் நான் அங்கே இருந்தேன்.

நான் எழுந்துபோய் அண்ணனின் நல்ல காதுப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். பலமாகச் சொன்னேன். அந்த இடம் என் கிடங்கிலிருந்து பார்க்கும் தூரம். அந்தோணி என்னை அழைத்திருந்தான், வேலைக்கு நடுவில் வந்து வேலிக்குப் பின்னால் நின்றேன். குளிரில் புரூனோ தன் மேல்சட்டையை எனக்குப் போட்டுவிட்டார். கீழே ஒரு வீடு அளவுக்குக் காற்றடைத்த மெத்தை போட்டிருந்தார்கள். அவன் விழுந்தான். மெத்தை அவனை விழுங்கி மூடிக்கொண்டது. ஆளைக் காணோம். கடற்பறவைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெத்தைக்கு உள்ளேயிருந்து ஒரு கை மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். புரண்டு இறங்கி, முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான். யாரையும் பார்க்காமல் நேரே வேலிப் பக்கம் என்னிடம் வந்தான். தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. சிரித்தான். ‘அப்பா, நீ பயந்துட்டியா?’ என்று கேட்டான். இல்லை என்றேன். என் கையைப் பிடித்துப் பார்த்து, ‘பொய்’ என்றான். அப்புறம் பசிக்கிறது என்று சொல்லி, மதலேன் கொடுத்தனுப்பியிருந்த மீன் பொரியலை அங்கேயே நின்று கையால் தின்றான்.

“எந்திச்சாம்ணே. நான் பாத்தேன். என் கண்ணு முன்னால எந்திச்சு நின்னான்” என்றேன்.

அண்ணன் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். மைனி மூக்கைச் சிந்தியது கேட்டது. கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. அப்புறம் மெதுவாகத் தன் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“செரியாக் கேக்கலலே. இன்னொரு தடவ சொல்லு.”

அவருக்குக் கேட்டிருந்தது. அது எனக்குத் தெரியும். குளிரில் வேலிக்குப் பின்னால் போய் நின்றதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.